ஓரக்கல்லில் எழுதிய சட்டம்

சான்பிரான்சிஸ்கோவின் குடியிருப்புத் தெருக்களில் தலையைக் குனிந்தபடி நடப்பவர்களுக்கு ஒரு காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். வீட்டுக் கராஜுக்குள் கார் ஏறி இறங்குவதற்காக நடைபாதையின் ஓரக்கல்லை ஓரிடத்தில் சரித்து வைத்திருப்பார்கள். அந்தச் சரிவின் இரு முனையிலும் ஓரிரு முழ நீளத்துக்குச் சிவப்புச் சாயம் அடித்திருக்கும். பக்கத்தில் நிற்கும் காரின் மூக்கோ வாலோ சரிவுக்குள் நீண்டு வழியை மறித்துவிடக் கூடாது என்பதற்கான எல்லைக்கோடு அது. சில வீடுகளில் அந்தச் சாயத்தை நகர நிர்வாகம் அடித்திருக்கும். சில வீடுகளில் வீட்டுக்காரரே ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவும் தூரிகையுமாக இறங்கி அடித்திருப்பார். இரண்டும் சிவப்புதான். முன்னதன் மேல் காரை நிறுத்தினால் அபராதம் வரும். பின்னதில், அபராதம் கட்ட வேண்டியவர் சாயம் அடித்தவர்.

நம் ஊர்களிலும் ஓரக்கல்லுக்குச் சாயம் உண்டு. கறுப்பும் வெள்ளையும், அல்லது கறுப்பும் மஞ்சளும் மாறி மாறி வரும். இரவில் சாலையின் விளிம்பு தெரிய வேண்டும் என்பதுதான் அதன் வேலை. வண்டியை நிறுத்தலாமா கூடாதா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கலிபோர்னியாவில் கதை வேறு. அங்கே அரையடி உயரக் கல்லின் நிறம் ஒரு சட்டவிதி. அந்த விதி எங்கே பிறக்கிறது, யார் அதை எழுதலாம், எழுதியதும் எழுதாததும் முரண்படும்போது என்ன ஆகிறது என்று பார்த்தால், வண்டி நிறுத்தம் என்ற சின்ன விஷயத்துக்குள் பொது இடம் யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்வி ஒளிந்திருப்பது தெரியும்.

ஐந்து நிறம், ஆறாவது கிடையாது

கலிபோர்னியா மாநில வாகனச் சட்டத்தின் 21458-ஆம் பிரிவு, ஓரக்கல் சாயத்துக்கான அரிச்சுவடி. உள்ளாட்சிகள் வண்டி நிறுத்த விதிகளைச் சாயத்தால் தெரிவிப்பதாக இருந்தால் ஐந்து நிறங்களை மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது அது. சிவப்பு என்றால் நிற்கவே கூடாது. ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்திருந்தாலும் கூடாது. பேருந்து நிறுத்தம் என்று குறித்த சிவப்பில் பேருந்துக்கு மட்டும் விலக்கு. மஞ்சள், ஆட்களையோ சரக்கையோ ஏற்றி இறக்க. வெள்ளை, ஆட்களை ஏற்றி இறக்க, அல்லது பக்கத்திலுள்ள தபால் பெட்டியில் கடிதம் போட. பச்சை என்றால் குறிப்பிட்ட நேரம் வரை நிறுத்தலாம். நீலம், மாற்றுத்திறனாளிகளுக்கும் உடல் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்கும் மட்டும்.

வெள்ளையில் எத்தனை நிமிடம் நிற்கலாம், பச்சையில் எவ்வளவு நேரம், எந்த நாள், எந்த மணி என்பதையெல்லாம் அந்தந்த ஊர் தீர்மானித்துக்கொள்ளலாம். ஆனால் ஊதா நிறத்தில் மின்சாரக் கார் இடம், ஆரஞ்சு நிறத்தில் உணவு டெலிவரி இடம் என்று ஒரு நகர மன்றம் தன் இஷ்டத்துக்கு ஆறாவது நிறம் சேர்க்க முடியாது. மாநிலம் முழுவதும் போக்குவரத்து விதி ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதற்காக, வெளிப்படையான அனுமதி இல்லாமல் உள்ளாட்சிகள் தனி விதி இயற்றக் கூடாது என்று அதே சட்டம் தடுத்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் கார் ஓட்டக் கற்றவர் சாக்ரமென்டோவுக்குப் போனாலும் கல்லைப் படிக்கத் தெரிய வேண்டும் அல்லவா?

இந்த நிற மொழி அங்கே எவ்வளவு ஊறிப்போனது என்பதற்கு ஒரு திரைப்படம் சாட்சி. 1980-இல் வந்த ‘ஏர்பிளேன்!’ என்ற நகைச்சுவைப் படத்தின் தொடக்கத்தில், விமான நிலைய ஒலிபெருக்கியில் ஓர் ஆணும் பெண்ணும் வெள்ளைப் பகுதியில் ஏற்றி இறக்கலாமா, சிவப்புப் பகுதியிலா என்று அறிவிப்புக்குள்ளேயே சண்டை பிடித்துக்கொள்வார்கள். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்கு உண்மையில் அறிவிப்புக் குரல் கொடுத்த தம்பதியையே இயக்குநர்கள் அதற்குப் பேச வைத்தார்கள்.

சாயம் ஏன் அங்கே, பலகை ஏன் இங்கே

அமெரிக்கா முழுவதும் இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. நியூயார்க் நகரத்தில் ஓரக்கல்லில் யாராவது மஞ்சள் அடித்திருந்தால் அதற்குச் சட்டப்படி பொருளில்லை. அங்கே பேசுவது கம்பத்தில் தொங்கும் பலகைதான். பல மாநிலங்களின் ஊர்களில் மஞ்சள் ஓரக்கல் என்றாலே நிறுத்தத் தடை. கலிபோர்னியாவிலோ அது சரக்கு இறக்கும் இடம்.

இந்த வேறுபாட்டுக்கு வானிலையும் ஒரு காரணம். சாலைக் குறிகளுக்கான அமெரிக்கக் கூட்டாட்சிக் கையேடு, பனி மூடி ஓரக்கல் அடிக்கடி மறைந்துபோகும் இடங்களில் சாயத்தை மட்டும் நம்பாமல் பலகையும் வைக்கச் சொல்கிறது. மஞ்சளும் வெள்ளையும் சாலை விளிம்பைக் காட்டவே பரவலாகப் பயன்படுவதால், நிறுத்த விதிகளைப் பலகை மூலம் சொல்வதே நல்லது என்றும் அறிவுரை தருகிறது. பனிக்காலத்தில் பல வாரங்கள் வெள்ளைப் போர்வைக்கு அடியில் கிடக்கும் கல்லில் சட்டம் எழுதினால் யார் படிப்பது? கடலோரக் கலிபோர்னியாவின் நகரங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அங்கே சாயத்தின் எதிரி வெயில். சிவப்பு மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாகி, பிறகு கல்லின் நிறத்தோடு கலந்துவிடும்.

பிரிட்டனிலும் சாயம்தான் பேசுகிறது. ஆனால் அங்கே பேச்சு தரையில். சாலை விளிம்பில் ஒற்றை மஞ்சள் கோடு இருந்தால் குறிப்பிட்ட நேரத்தில் நிறுத்தத் தடை, இரட்டை என்றால் எப்போதும் தடை. ஓரக்கல்லின் மேல் குறுக்காக இடப்படும் சின்ன மஞ்சள் கீற்றுகள் சரக்கு ஏற்றி இறக்கத் தடை சொல்பவை. ஒரு கீற்று, சில நேரம். இரு கீற்று, எந்நேரமும். லண்டனின் முக்கியச் சாலைகளில் 1990-களிலிருந்து மஞ்சளுக்குப் பதில் சிவப்புக் கோடுகள் வந்தன. நகரச் சாலைகளில் சுமார் 5 விழுக்காடே இந்தச் ‘சிவப்புத் தடங்கள்’. நகரப் போக்குவரத்தில் சுமார் 30 விழுக்காட்டைச் சுமப்பவை இவை.

கல்லுக்குப் பின்னால் ஒரு தீர்மானம்

நிறம் எதுவானாலும் அடிப்படை ஒன்று. சாயம் தானாகச் சட்டமாவதில்லை. நகர மன்றமோ அதிகாரம் பெற்ற துறையோ முறைப்படி ஒரு தீர்மானம் இயற்ற வேண்டும். அதை மக்களுக்கு அறிவிப்பதே சாயத்தின் வேலை. பழைய காலத்தில் தண்டோரா போட்டவன் கையிலிருந்த பறையின் வேலையை இங்கே தூரிகை செய்கிறது.

இந்த உறவு இருபக்கமும் கட்டுப்படுத்துகிறது. கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 22507-ஆம் பிரிவு, தெருக்களில் வண்டி நிறுத்துவதைத் தடுக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கிறது. கொடுத்த கையோடு ஒரு நிபந்தனையும் விதிக்கிறது: போதிய அறிவிப்பு தரும் பலகையோ குறியோ வைக்கப்படும் வரை அந்தத் தடை செல்லாது. அதாவது, தீர்மானம் கோப்பில் தூங்கினால் தெருவில் அதற்கு உயிரில்லை. அதுபோலவே, தீர்மானம் இல்லாத சாயத்துக்கும் உயிரில்லை.

சான்பிரான்சிஸ்கோவில் நகரப் போக்குவரத்து முகமையின் கீழ் வண்ண ஓரக்கல்லுக்கென்றே ஒரு தனிப் பிரிவு இயங்குகிறது. மழலையர் பள்ளி வாசலில் வெள்ளை வேண்டும், சலவைக் கடை வாசலில் பச்சை வேண்டும், வீட்டுச் சரிவின் ஓரத்தில் சிவப்பு வேண்டும் என்று கேட்பவர்கள் விண்ணப்பித்துக் கட்டணமும் செலுத்த வேண்டும். பரிசோதனையும் பொதுவில் கருத்துக் கேட்பும் இந்த நடைமுறையில் உண்டு. அண்டை வீட்டார் ஆட்சேபிக்கலாம். ஒரு கார் நீளத்துக்குச் சாயம் அடிப்பதற்கு இவ்வளவு சடங்கு எதற்கு என்று தோன்றலாம். அந்த ஒரு கார் நீளம் எவ்வளவு விலைமதிப்புள்ளது என்று தெரிந்தால் தோன்றாது.

இருபதடிக்கு இவ்வளவு போட்டி

2014-இல் அந்த முகமை நகரத்தின் வண்டி நிறுத்த இடங்களைக் கணக்கெடுத்தது. தெருவோரத்தில் மட்டும் சுமார் 2,75,000 இடங்கள் இருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் கலிபோர்னியாவின் கடற்கரை நீளத்தையே மிஞ்சும். ஏழு மைலுக்கு ஏழு மைல் என்று சொல்லத்தக்க சிறிய நகரத்துக்குள் இத்தனை. அதில் பெரும்பகுதி காசில்லாமல் காருக்குக் கிடைத்த நிலம்.

அந்த நிலத்துக்கு வாடகை வாங்கலாம் என்று உலகம் கண்டுகொண்டது 1935 ஜூலையில், ஓக்லஹோமா நகரில். கார்ல் மேகி என்ற பத்திரிகையாளரின் முயற்சியால் முதல் பார்க்கிங் மீட்டர் அங்கே நடப்பட்டது. ஓரத்தை இலவசமாக விடுவதன் உண்மையான செலவைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்துப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். தன் வளாகத்தை ஒட்டிய வெஸ்ட்வுட் வில்லேஜ் பகுதியின் 15 வீதிக் கட்டங்களில் இடம் தேடி வட்டமடிக்கும் கார்களை அவர் ஆராய்ந்தார். ஒரு கார் இடம் தேடிச் சுற்றிய நேரம் சராசரியாக 3.3 நிமிடம்தான். ஆனால் ஓராண்டில் அப்படிச் சுற்றிய தூரத்தைக் கூட்டினால் 9,50,000 மைல். அதற்கு எரிந்த பெட்ரோல் 47,000 கேலன். 2005-இல் வெளிவந்த அவருடைய ‘தி ஹை காஸ்ட் ஆஃப் ஃப்ரீ பார்க்கிங்’ நூல், ஓரக்கல்லை நகரத் திட்டமிடலின் மையத்துக்குக் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் அவர் காலமானார்.

பிறகு வாடகைக் கார் செயலிகளும் வீடு தேடி வரும் பொட்டலங்களும் வந்தன. ஓரத்தில் நின்று ஏற்றி இறக்க வேண்டியவர்கள் பெருகினார்கள். 2020-இல் சான்பிரான்சிஸ்கோ வெளியிட்ட ஓரக்கல் மேலாண்மை உத்தி, ஓரத்தின் பயன்களை ஐந்தாகப் பிரித்தது: போக்குவரத்து ஓட்டம், ஆட்கள் ஏறி இறங்குவது, சரக்கு ஏற்றி இறக்குவது, பொதுவெளி, வண்டிகளைப் போட்டு வைப்பது. இந்தக் கடைசிப் பயனுக்கு அந்த ஆவணம் தந்த முன்னுரிமையும் பெரும்பாலும் கடைசிதான். நூறாண்டு வழக்கத்தை மெல்லத் திருப்பிப் போட்ட வரிசை அது. தன் வீட்டு வாசலில் தன் காரை நிறுத்துவது பிறப்புரிமை என்று எண்ணிப் பழகியவர்களுக்கு அது கசந்ததில் வியப்பில்லை.

சட்டமில்லாத சாயம்

இடம் விலை ஏறும்போது கள்ள நோட்டு அடிப்பவர் வருவது போல, கள்ளச் சாயம் அடிப்பவரும் வருவார். ஓரத்தைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ள ஒரு டப்பா சிவப்புச் சாயம் போதும். அடுத்தவர் அபராதத்துக்குப் பயந்து விலகிப் போவார். வீட்டுக்காரர் தன் விருந்தாளியின் காரை அங்கே நிறுத்திக்கொள்வார். நகரங்கள் இதைச் சட்டவிரோதம் என்கின்றன. கண்டுபிடித்தால் சாம்பல் நிறம் பூசி அழிக்கவும் செய்கின்றன. ஆனால் ஒவ்வொரு முழத்தையும் பழைய கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதா?

இதன் உச்சத்தை மலிபுவில் பார்க்கலாம். அலை எட்டும் ஈர மணல் கலிபோர்னியாவில் பொதுமக்களுக்கு உரியது. 1976-ஆம் ஆண்டின் கடலோரச் சட்டம் கடற்கரைக்குச் செல்லும் உரிமையைக் காப்பாற்றுகிறது. ஆனால் மாளிகைகள் வரிசையாக நிற்கும் சாலையில் காரை நிறுத்த இடமில்லை என்றால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அங்குள்ள சில வீடுகளின் முன்னால் அனுமதியில்லாத ‘நிறுத்தாதே’ பலகைகளும் திறக்கவே திறக்காத போலிக் கராஜ் கதவுகளும் முளைத்தன. கராஜ் வாசலை மறித்து நிறுத்தக் கூடாது என்பது மாநில விதி. ஆகவே கதவு போலியானாலும் அதற்கு முன்னாலிருக்கும் இடம் காலியாகவே கிடக்கும். 2013-இல் எழுத்தாளர் ஜென்னி பிரைஸ் முன்னின்று உருவாக்கிய ‘அவர் மலிபு பீச்சஸ்’ என்ற கைபேசிச் செயலி, கடற்கரைக்குப் போகும் வழி எங்கே இருக்கிறது, எங்கே காரை நிறுத்தலாம், எந்தத் தடை போலியானது என்று வீடு வீடாகப் பட்டியலிட்டது. பொதுச் சொத்தைத் தடுக்கச் சுவர் எழுப்ப வேண்டியதில்லை, சட்டத்தின் வேஷம் போட்டாலே போதும் என்பதை மலிபு காட்டிவிட்டது.

சாயமும் உண்டு, விலக்கும் உண்டு

சிவப்பில் பேருந்து மட்டும் நிற்கலாம் என்றோம். எந்தப் பேருந்து? அந்தக் கேள்வி ஒரு காலத்தில் சான்பிரான்சிஸ்கோவையே இரண்டாகப் பிளந்தது. நகரத்தில் குடியிருந்து சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலை பார்க்கும் ஊழியர்களுக்காகத் தொழில்நுட்ப நிறுவனங்கள் சொகுசுப் பேருந்துகளை ஓட்டின. நம்மவர்கள் பலருக்கும் பழக்கமானவைதான் அவை. அந்தப் பேருந்துகள் நகரப் பேருந்துக்கென்று ஒதுக்கிய சிவப்பு ஓரங்களில் நின்று ஆட்களை ஏற்றின. மாநிலச் சட்டப்படி அது தவறு. சொந்தக் காரை அதே இடத்தில் நிறுத்தியவருக்கு அபராதச் சீட்டு வந்தது. இந்தப் பேருந்துகள் மட்டும் பெரும்பாலும் தப்பித்துப் போயின.

2013 டிசம்பரில் போராட்டக்காரர்கள் மிஷன் பகுதியில் ஒரு பேருந்தை மறித்தார்கள். வாடகை ஏறி ஊரைவிட்டுத் துரத்தப்படுகிறோம் என்ற கோபம் அந்தச் சிவப்புக் கல்லில் வந்து முட்டியது. 2014 ஜனவரியில் நகரப் போக்குவரத்து முகமையின் வாரியம் 18 மாதச் சோதனைத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது: குறிப்பிட்ட நிறுத்தங்களைப் பயன்படுத்த, ஒரு நிறுத்தத்துக்கு நாளொன்றுக்கு ஒரு டாலர். செலவை ஈடுகட்டும் அளவுக்கு மேல் கட்டணம் வாங்க மாநிலச் சட்டம் இடம்தரவில்லை என்றது நகரம். நகரப் பேருந்தில் ஒருமுறை ஏற ஒரு பயணி கொடுத்த காசு அதைவிட அதிகம். ஒரு டாலர் என்ற எண்தான் மக்களை அதிகம் சுட்டது. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் வரைதான் சாயத்துக்கு மரியாதை.

பச்சைக்குச் சாட்சி சுண்ணக்கட்டி

சிவப்பை மீறியவரைப் பிடிக்க ஒரு பார்வை போதும். பச்சையை மீறியவரைப் பிடிக்கக் கடிகாரம் வேண்டும். ஊழியர் வந்து டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். நேரம் கழித்துத் திரும்பி வரும்போதும் கோடு அதே இடத்தில் இருந்தால் சீட்டு எழுதுவார். இந்த எளிய உத்தி நீதிமன்றம் ஏறியது. 2019-இல் மிச்சிகனின் சகினா நகர வழக்கில் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், டயரில் கோடு போடுவது அரசமைப்பின் நான்காம் திருத்தம் குறிப்பிடும் சோதனைதான் என்றது. 2022-இல் சான்டியேகோ வழக்கில் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் எதிர்த்திசையில் போனது. போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் நோக்கத்துக்காகப் போடும் கோடு அரசமைப்புக்கு முரணில்லை என்று தீர்ப்பளித்தது. ஆக, மேற்குக் கரையில் சுண்ணக்கட்டிக்குத் தடையில்லை.

சாயமில்லாத சட்டம்

இதுவரை பார்த்தது சாயத்தைச் சுற்றிய சட்டம். இன்று கலிபோர்னியாவில் கொதித்துக்கொண்டிருப்பது சாயத்துக்குக் காத்திராத சட்டம்.

முனை வரை கார்கள் அடைத்து நிற்கும் ஒரு சந்திப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சாலையைக் கடக்க ஒரு சிறுமி ஓரக்கல்லில் நிற்கிறாள். அவளுக்கு இரண்டடி தள்ளி ஒரு பெரிய எஸ்.யூ.வி. நிற்கிறது. அதன் வெளிப்பக்கம் ஓரக்கல்லிலிருந்து ஏழடி தூரம் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாண்டி வரும் காரின் ஓட்டுநருடைய கண் ஓரக்கல்லிலிருந்து பதின்மூன்றடி தள்ளி இருக்கும். பள்ளிக்கூட முக்கோணக் கணக்குப் போட்டால் விடை பயமுறுத்தும்: அந்த ஓட்டுநருக்கு அவள் தெரிவது கார் அவளிடமிருந்து நான்கடிக்குள் வந்த பிறகுதான். அதே எஸ்.யூ.வி. இரண்டடிக்குப் பதில் இருபதடி தள்ளி நின்றிருந்தால் முப்பத்தேழு அடிக்கு முன்னாலேயே தெரிந்துவிடுவாள். மணிக்கு 25 மைல் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஓடும் தூரம் ஏறத்தாழ அதுவே. அந்த இருபதடி வெற்றிடம் ஓட்டுநருக்கும் சிறுமிக்கும் ஒரு முழு நொடியைக் கொடுக்கிறது.

இப்படி முனையைக் காலியாக வைத்துப் பார்வையைத் திறப்பதை ‘டேலைட்டிங்’ என்கிறார்கள். முனைக்கு வெளிச்சம் தருவது என்று பொருள் கொள்ளலாம். நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் இதில் பேர் எடுத்த ஊர். சுமார் 60,000 பேர் வாழும் நெருக்கமான அந்நகரம் முனைகளைக் காலி செய்வதை முக்கியக் கருவியாகக் கொண்டது. 2017-க்குப் பிறகு பல ஆண்டுகள் அங்கே ஒரு சாலை மரணம்கூட நிகழவில்லை. மாறாக, அமெரிக்கா முழுவதும் நடந்து சென்று உயிரிழந்தோர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது: 2009-இல் 4,109 பேர், 2022-இல் 7,500 பேருக்கு மேல்.

நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏற்கெனவே இத்தகைய விதி இருக்க, கலிபோர்னியா பின்தங்கியிருந்தது. மாநில சட்டமன்ற உறுப்பினர் அலெக்ஸ் லீ கொண்டுவந்த ஏ.பி. 413 மசோதா 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசமின் கையெழுத்தைப் பெற்றது. நடப்பவர் கடக்கும் இடத்துக்கு, வண்டி வந்து சேரும் பக்கத்தில் 20 அடிக்குள் நிறுத்தக் கூடாது. நடைபாதை சாலைக்குள் நீட்டிக் கட்டப்பட்டிருக்கும் இடங்களில் 15 அடி. கோடு போட்ட கடவைக்கு மட்டுமன்று, கோடே இல்லாத கடவைக்கும் இது பொருந்தும். கலிபோர்னியச் சட்டத்தில் நடைபாதைகள் சந்திக்கும் முனையில், தரையில் ஒரு கோடும் இல்லாவிட்டாலும், கடவை உண்டு. 2024 முழுவதும், சாயமோ பலகையோ இல்லாத முனைகளில் எச்சரிக்கை மட்டும். அதற்குப் பின் அபராதம் விதிக்கலாம்.

சிக்கல் இங்கேதான். சிவப்பில் நிறுத்தாதே, வெறுங்கல்லில் நிறுத்து என்று தலைமுறை தலைமுறையாகக் கற்றவர்களிடம், இந்த வெறுங்கல்லும் சிவப்புதான், உன் மனக்கண்ணால் பார் என்று சொல்கிறது சட்டம். இருபதடியை அளக்க யாரும் நாடா எடுத்துக்கொண்டு கார் ஓட்டுவதில்லை. சட்டத்தில் புதுமை இல்லை என்று வாதிடலாம். தீயணைப்புக் குழாய்க்கு 15 அடிக்குள் நிறுத்தக் கூடாது, பிறர் வீட்டு வாசல் சரிவை மறிக்கக் கூடாது என்ற விதிகளும் சாயத்துக்குக் காத்திருந்தவை அல்ல. ஆனால் குழாய் கண்ணுக்குத் தெரியும், சரிவு கண்ணுக்குத் தெரியும். இருபதடி என்பது ஓர் எண். எண் கண்ணுக்குத் தெரியாது.

குறிகள் முரண்படும்போது

எழுதியதும் எழுதாததும் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கின் ஃபோர்சித் தெரு ஒரு பாடம். அங்கே ஓரக்கல்லை ஒட்டித் தீயணைப்புக் குழாய், அதை அடுத்து சைக்கிள் தடம், அதற்கும் அப்பால் நகரமே கோடு போட்டுக் கொடுத்த வண்டி நிறுத்தும் இடம். கோட்டை நம்பி நிறுத்தியவர்களுக்குக் குழாயின் பெயரால் சீட்டு விழுந்தது. 2014-இல் நகரம் வெளியிட்ட பொதுத் தரவுகளை அலசிய பென் வெலிங்டன் இதைக் கண்டுபிடித்தார். இப்படிப்பட்ட இரண்டு குழாய்கள் மட்டும் ஆண்டுக்கு 55,000 டாலருக்கு மேல் அபராதம் ஈட்டித் தந்தன. விஷயம் வெளியே வந்ததும் நகரம் தரையின் கோடுகளை மாற்றிப் போட்டது. தவறு ஓட்டுநர்களுடையதா, சாயம் அடித்தவருடையதா என்று யாரும் தனியாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கலிபோர்னியாவில் மங்கிய சிவப்புக்காகச் சீட்டு வாங்கியவருக்கு மூன்று படிகள் உண்டு. சீட்டு வந்த 21 நாட்களுக்குள் முதல் மறுஆய்வு கேட்கலாம். அதில் தோற்றால் நிர்வாக விசாரணை. அதிலும் தோற்றால் 30 நாட்களுக்குள் 25 டாலர் கட்டணத்தில் நீதிமன்றம். கல்லைப் பல கோணத்தில் படம் எடுத்து வைப்பதுதான் முதல் வேலை. அரை நாள் கூலி போகுமே என்று பேசாமல் கட்டிவிடுபவர்தான் அதிகம் என்று ஊகிப்பதில் தவறிருக்காது. மங்கிய சாயத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைக்கும் நிர்வாகம், உண்மையில் அந்த நஷ்டத்தை ஏழை ஓட்டுநர் பக்கம் தள்ளிவிடுகிறது.

எழுதியதைக் காப்பது

ஐந்து நிறங்களின் கதையைக் கூட்டிப் பார்த்தால், ஓரக்கல் சாயம் ஓர் ஒப்பந்தம் என்பது விளங்கும். நகரம் தான் தடுக்க விரும்புவதைக் கண்ணுக்குத் தெரியும்படி எழுத வேண்டும். குடிமக்கள் எழுதியதை மதிக்க வேண்டும். கள்ளச் சாயம் அடிக்கும் வீட்டுக்காரரும், சிவப்பில் நிற்கும் செல்வாக்குள்ள பேருந்தும், மங்கிய கல்லைப் புதுப்பிக்காமல் அபராதம் மட்டும் வசூலிக்கும் நிர்வாகமும் அந்த ஒப்பந்தத்தைத்தான் முறிக்கிறார்கள்.

முனைகளைக் காலி செய்யும் சட்டம் சரியானது. அந்த ஒரு நொடிக்கு விலை கிடையாது. ஆனால் மனப்பாட விதியாக மட்டும் அதை விட்டுவைத்தால் உயிர் காக்கும் சட்டத்துக்குப் பணம் பறிக்கும் சட்டம் என்ற பேர்தான் மிஞ்சும். பள்ளி, மருத்துவமனை, விபத்து மிகுந்த சந்திப்பு என்ற வரிசையில் தொடங்கி, முனை ஒவ்வொன்றுக்கும் சிவப்பு அடித்து முடிப்பது நகரங்களின் கடமை. சிவப்பு அடித்த பிறகு யாருக்கும் சலுகை காட்டாமல் சீட்டு எழுதுவதும் அவர்கள் கடமைதான். அந்தச் சிவப்பு தேயும்போது மீண்டும் அடிப்பதற்கான செலவை, அடிக்கும் நாளிலேயே கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.

கார் ஓட்டுபவர் தூரிகை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் கார் ஓட்டும் நம்மவர்கள் நினைவில் வைக்க வேண்டியது இது: கல்லில் சாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சந்திப்பை நெருங்கும்போது கடவைக்கு 20 அடி முன்னதாகவே காரை நிறுத்த வேண்டும். ஒரு பெரிய கார் நீளம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு தவறாது.